இன்றைய சீனாவைத் திருமலையில் இருந்து படிப்பது: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், உயர்தரம் படிக்கிற நாலைந்து பிள்ளைகள் சனிக்கிழமை பின்னேரங்களில் என் வீட்டு விறாந்தையில் கூடி, ஒரு போனை நடுவில் வைத்துக்கொண்டு, இன்றைய சீனச் சமூகத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத் தரத்தில் ஒன்லைனில் படிக்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கம் முழுவதையும் பிடித்துவிட்டன. பெரும்பாலும் எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் இருந்துதான் வந்திருக்கின்றன, அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதற்கே பதில் எழுதுகிறேன்.

ரீச்சர், நான் உயர்தரம் கலைப்பிரிவு முதலாம் வருடம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு சீனாவைப் பற்றி ஒன்லைன் பாடநெறி நடத்துவதாக வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நான் சேரலாமா? – மாணவி, உப்புவெளி

செய்தி பொய்யில்லை, பிள்ளை. ஸ்டான்ஃபோர்டில் ஸ்பைஸ் என்றொரு கல்விப் பிரிவு 1976 முதல் இயங்குகிறது. அது நடத்துகிற சைனா ஸ்கொலர்ஸ் புரோகிராம் என்பதுதான் உங்களுக்கு வந்தது. ஆனால் அது அமெரிக்காவில் 10 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கானது, அதனால் அந்த விண்ணப்பத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் இப்படியான பாடநெறிகளில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், வாரத்துக்கு ஒரு தலைப்பை எடுத்து அதை முன்கூட்டியே வாசித்துவிட்டு வருகிறார்கள், வந்து கதைக்கிறார்கள், கடைசியில் சொந்தமாக ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். இதைச் செய்ய எங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பாடப்பொருளும் கிடைக்கிறது. ஹார்வர்ட் பேராசிரியர்கள் பீட்டர் போல், வில்லியம் கெர்பி இருவரும் 2013இல் எடெக்ஸ் தளத்தில் தொடங்கிய சைனாஎக்ஸ் என்ற தொடர், பண்டைக் காலத்தில் தொடங்கி இன்றைய சீனா, தைவான், ஹொங்கொங் வரை வருகிறது. ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லீ, 1700 முதல் 2000 வரையான சீனச் சமூகத்தைப் பழைய குடும்பப் பதிவேடுகளையும் தரவுகளையும் வைத்துக் கோர்செரா என்ற ஒன்லைன் பாடத் தளத்தில் படிப்பிக்கிறார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் திறந்த பாடத் தளத்தில் பெயர்கூடப் பதிய வேண்டாம், வாசிப்புப் பட்டியலையும் குறிப்புகளையும் அப்படியே இறக்கி எடுக்கலாம். எது இப்போது திறந்திருக்கிறது, எது இலவசம் என்று தளத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று, சைனாஎக்ஸை முதலாவது பாடத்தில் இருந்து தொடங்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம், மூன்றாம் கிழமை பிள்ளைகள் அரச வம்சங்களின் பெயர்களில் சிக்கித் தூங்கி விழுந்தார்கள். இன்றைய சீனாவைப் பற்றிய கடைசிப் பகுதிகளில் தொடங்குங்கள், பிறகு கேள்வி தானாகப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போகும்.

சீனா என்றால் எங்களுக்கு அம்பாந்தோட்டைத் துறைமுகம், கொழும்புத் துறைமுக நகரம், கடன், இவ்வளவும்தான். படிக்க வேறு என்ன இருக்கிறது? – மாணவர், மூதூர்

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த வகுப்பையே தொடங்கினேன். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போன கதை தெரிய வேண்டிய கதைதான், ஆனால் அது இரண்டு அரசாங்கங்களின் கதை. அதை எத்தனை தடவை படித்தாலும் 140 கோடிச் சீனர்களில் ஒருவருடைய வீட்டுக்குள்ளும் நாங்கள் போய்ப் பார்க்கப் போவதில்லை. அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகிறது, அப்பா எந்த ஊரில் வேலை செய்கிறார், வயதான அம்மம்மாவை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் சமூகத்தைப் படிக்கத் தொடங்குகிறோம்.

எங்கள் வகுப்பில் முதலில் எடுத்தது ஹூகோவ். இது குடும்பப் பதிவு முறை, 1958இல் சட்டமாக வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு உண்டு, அது ஓர் ஊரோடு கட்டப்பட்டது, அதில் கிராமத்தவரா நகரத்தவரா என்றும் எழுதியிருக்கும். அந்த நாட்களில் கூப்பன் அரிசி முதல் பாடசாலை, ஆஸ்பத்திரி, ஓய்வூதியம் வரை எல்லாம் அந்தப் பதிவின்படிதான். 1978 கடைசியில் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கி, 1980இல் ஷென்சென் சிறப்புப் பொருளாதார வலயமாக்கப்பட்டு, கரையோர நகரங்களில் தொழிற்சாலைகள் எழும்பியபோது கிராமத்து இளைஞர்கள் அங்கே திரண்டு போனார்கள். ஆள் நகரத்துக்குப் போனார், பதிவு கிராமத்திலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் சொந்த இடத்தை விட்டு வெளியே போய் வேலை செய்கிற, அல்லது விவசாயத்தை விட்டுக் கூலி வேலைக்கு வந்த கிராமத் தொழிலாளர்கள் கிட்டத்தட்ட 30 கோடிப் பேர் (2023 கணக்கில் 29 கோடியே 75 இலட்சம்). 1978இல் சீனாவில் நகரத்தில் வாழ்ந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான், 2020 சனத்தொகைக் கணக்கெடுப்பில் அறுபத்துநாலு பேர். நாற்பத்திரண்டு வருடத்துக்குள் ஒரு நாடு இப்படி இடம் மாறியிருக்கிறது.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை பேனையை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்: "ரீச்சர், தங்கச்சியை முதலாம் ஆண்டில் சேர்க்க அம்மா வாக்காளர் இடாப்பு, கரண்ட் பில், கிராம சேவகரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பைலில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தா. அது மாதிரியா?" நான் அப்படியே நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அதைவிட நல்ல கேள்வி எந்தப் பேராசிரியரின் வீடியோவிலும் இல்லை. பாதி அது மாதிரி, பாதி இல்லை. இங்கேயும் விலாசமும் அதே விலாசத்தில் எத்தனை வருடம் பெயர் பதிந்திருக்கிறது என்பதும் பாடசாலையைத் தீர்மானிக்கின்றன. ஆனால் நாங்கள் வீடு மாறினால் புது இடத்தில் பதிந்துகொள்ளலாம். அங்கே ஷங்ஹாயில் பத்து வருடம் கட்டட வேலை செய்தவருக்கும் ஷங்ஹாய்ப் பதிவு கிடைப்பது பெரிய பாடு. 2014இல் கிராமம், நகரம் என்ற பிரிவை எடுத்துவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது, சிறிய நகரங்களில் கதவு நன்றாகத் திறந்தும் விட்டது, ஆனால் பெய்ஜிங், ஷங்ஹாய் போன்ற இடங்களில் இன்னும் இறுக்கம்தான். அந்தப் பிள்ளை தன் கொப்பியின் ஓரத்தில் "பதிவு எங்கே, ஆள் எங்கே?" என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். எங்கள் அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் அந்த ஓரக் குறிப்பிலேயே போயின.

ஏனென்றால் பதிவு கிராமத்தில் நின்றால் பிள்ளையும் கிராமத்தில் நிற்கும். அப்பாவும் அம்மாவும் கரையோர மாகாணமான குவாங்தோங்கில் தொழிற்சாலையில், பிள்ளை உள்நாட்டு மாகாணமான சிச்சுவானில் ஒரு கிராமத்தில் பாட்டியோடு. சீன மொழியில் இந்தப் பிள்ளைகளுக்குத் தனிச் சொல்லே உண்டு, "தங்கியிருந்து காவல் காக்கும் பிள்ளைகள்" என்ற பொருளில். இதை வாசித்தபோது விறாந்தை அமைதியாகிவிட்டது. எங்கள் வகுப்பில் ஒரு பையனின் அம்மா குவைத்தில், அவன் ஏழு வயதில் இருந்து அம்மம்மாவோடு. மூதூரிலும் கிண்ணியாவிலும் தோப்பூரிலும் இப்படி எத்தனை வீடுகள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, தம்பி. அவன் கேட்டது, அந்தப் பிள்ளைகள் அம்மாவோடு எப்போது போனில் கதைப்பார்கள் என்று. கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு நாட்டைப் பற்றி இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆய்வு என்றால் என்ன என்று புதிதாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள், ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 2013இல் அனைத்துச் சீனப் பெண்கள் சம்மேளனம் 6 கோடியே 10 இலட்சம் என்றது. 2016இல் அரசாங்கக் கணக்கு 90 இலட்சம் என்றது. மூன்று வருடத்தில் அத்தனை பெற்றோரும் வீடு திரும்பினார்களா? இல்லை. முதல் கணக்கில் அம்மா அப்பாவில் ஒருவர் வெளியூரில் இருந்தாலும் பிள்ளை சேர்க்கப்பட்டது, இரண்டாவதில் பெரும்பாலும் இருவருமே வெளியில் இருந்தால்தான், வயது எல்லையும் பதினெட்டில் இருந்து பதினாறாகக் குறைந்தது. யாரை எண்ணினார்கள் என்று கேட்காமல் எந்த எண்ணையும் கொப்பியில் எழுதக் கூடாது என்பது அன்றைக்கு எங்கள் வகுப்பில் சட்டமாகிவிட்டது.

சீனாவில் ரியூசனைத் தடை செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? இங்கேயும் செய்தால் என்ன? மூன்று பிள்ளைகளின் ரியூசன் காசில் என் சம்பளம் போகிறது. – ஒரு தந்தை, அன்புவழிபுரம்

உண்மை, ஐயா, ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2021 ஜூலையில் "இரட்டைக் குறைப்பு" என்று ஒரு கொள்கை வந்தது. வீட்டுப்பாடத்தையும் குறைப்பது, வெளி வகுப்பையும் குறைப்பது. பாடசாலைப் பாடங்களை இலாபத்துக்குப் படிப்பிக்கிற கம்பெனிகள் இலாப நோக்கில்லாத நிறுவனங்களாக மாற வேண்டும், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் அந்தப் பாடங்களுக்கு வகுப்பு வைக்கக் கூடாது. நியூ ஓரியண்டல் என்ற மிகப் பெரிய கம்பெனி 60,000 பேரை வேலையில் இருந்து நிறுத்தியது. அதன் ஆசிரியர்கள் சிலர் 2022இல் இணைய நேரலையில் அரிசியும் சோளமும் விற்றுக்கொண்டே ஆங்கிலமும் படிப்பித்தார்கள், கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தார்கள்.

ஆனால் ரியூசன் போய்விட்டதா? வசதி உள்ளவர்கள் வீட்டுக்கே ஆசிரியரை அழைத்தார்கள், ஒளித்து நடந்த வகுப்புக்குக் கட்டணம் கூடியது, வசதி இல்லாதவருக்கு இருந்த மலிவான வகுப்பும் இல்லாமல் போனது. ஏன் என்றால் வகுப்புக்குப் பின்னால் நிற்கிற சோதனை அப்படியே இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழக நுழைவுச் சோதனைக்குப் பெயர் காவ்காவ், ஒவ்வொரு வருடமும் ஜூன் 7ஆம் திகதி தொடங்கும். மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சியில் நின்றுபோய் 1977இல் திரும்ப வந்தபோது 57 இலட்சம் பேர் எழுதி 2 இலட்சத்து 70 ஆயிரம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. 2024இல் எழுதப் பதிந்தவர்கள் 1 கோடியே 34 இலட்சம். இப்போது இடங்கள் ஏராளம், ஆனால் எல்லோரும் போக விரும்புகிற பல்கலைக்கழகங்கள் சில மட்டும்தான். அதோடு இடங்கள் மாகாண வாரியாகப் பிரிக்கப்பட்டவை, பதிவு இருக்கிற இடத்தில்தான் பொதுவாக எழுத வேண்டும், பெய்ஜிங் பிள்ளைக்குப் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது ஹெனான் மாகாணத்துப் பிள்ளையை விட மிகவும் இலகு. எங்கள் நாட்டில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள், அந்தப் பின்தங்கிய பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. அங்கே ஒதுக்கீடு பெரிய நகரத்துப் பிள்ளைக்குக் கைகொடுக்கிறது, இங்கே தூரத்து மாவட்டத்துப் பிள்ளைக்கு. இதை ஒரு பிள்ளை ஒப்பிட்டு எழுதினால் எவ்வளவு நல்ல கட்டுரை வரும் பாருங்கள்.

சீன இளைஞர்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, நெய்ஜுவான். உள்ளுக்குள்ளேயே சுருண்டுகொள்வது என்று பொருள். காலை ஆறு மணி வகுப்பு ஐந்தரையாகிறது, இன்னொருவர் ஐந்து மணிக்குத் தொடங்குகிறார், எல்லாப் பிள்ளைகளும் நித்திரை இல்லாமல் போகிறார்கள், இடங்கள் மட்டும் அதே அளவு. இந்த ஓட்டம் வேண்டாம் என்று 2021இல் இன்னொரு சொல் பரவியது, தாங்பிங், அதாவது பேசாமல் படுத்துவிடுவது. நான் இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, கிழமைக்கு ஆறு நாள் என்று 996 வேலை முறை பழகிப்போன ஒரு நாட்டில் களைத்துப்போன பிள்ளைகள் சொன்ன சொல் அது. தடை போடுவதைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள், ஐயா. என் எண்ணம், பாடசாலைக்குள் படிப்பு நடக்காமல் வெளியில் தடை போட்டால் உங்கள் செலவு குறையாது, கூடும்.

சீன மொழி தெரிய வேண்டுமா? – மாணவர், தம்பலகாமம்

வேண்டாம். ஆங்கிலம் வேண்டும், அதுவும் வாசிக்கிற அளவுக்கு. வீடியோவின் எழுத்துப் பிரதியை முதலில் வாசியுங்கள், பிறகு கேளுங்கள், ஒரு பந்தியில் ஐந்து சொல்லுக்கு மேல் அகராதி பார்க்காதீர்கள். சீன மொழியில் ஆசை வந்தால் அதைத் தனியாகப் படியுங்கள், பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் தொடக்கப் பாடங்கள் கோர்செராவில் இருக்கின்றன.

படித்ததை எந்த மொழியில் எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் எழுத்து தமிழில்தான். ஆங்கில வசனத்தை அப்படியே பார்த்து எழுதினால் விளங்காமலே கொப்பி நிறைந்துவிடும், தமிழில் எழுத உட்கார்ந்தால் விளங்காத இடத்தில் பேனை நின்றுவிடும். எங்கே நிற்கிறதோ அங்கேதான் திரும்ப வாசிக்க வேண்டும்.

மகள் இதில் சேரக் கேட்கிறாள். வீட்டில் ஒரு போன்தான், டேட்டாவுக்கும் காசு இல்லை, உயர்தரப் படிப்பும் கெட்டுப்போகுமோ என்று பயம். இந்தச் சான்றிதழால் கம்பஸ் கிடைக்குமா? – ஒரு தாய், கிண்ணியா

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் நேரே சொல்கிறேன், கிடைக்காது. இசட் புள்ளியில் இது ஒரு தசமம்கூடச் சேர்க்காது. சான்றிதழுக்கு இந்தத் தளங்கள் காசு கேட்கும், அதைக் கட்ட வேண்டாம். கேட்டுப் படிப்பதற்குப் பல பாடநெறிகளில் காசில்லை. சான்றிதழ் கட்டாயம் வேண்டும் என்றால் கோர்செராவில் நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கலாம், ஏன் வேண்டும் என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுதிக் கேட்பார்கள், மகளையே எழுதச் சொல்லுங்கள், அதுவும் ஒரு பயிற்சி.

டேட்டாவுக்கு வழி இருக்கிறது. வீடியோவை விட்டுவிட்டு எழுத்துப் பிரதியை மட்டும் இறக்கச் சொல்லுங்கள், ஒரு முழுப் பாடத்தின் எழுத்து ஒரு போட்டோவை விடக் குறைந்த டேட்டா எடுக்கும். வீடியோ பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆகக் குறைந்த தரத்தில், ஐந்து பேர் சேர்ந்து ஒரு போனில். எங்கள் வகுப்பில் டேட்டாவை முறை வைத்துப் போடுகிறார்கள், ஒரு பிள்ளைக்கு மாதத்தில் ஒரு முறைதான் வரும்.

நேரம் கிழமைக்கு மூன்று மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம். உயர்தரச் சோதனைக்கு ஆறு மாதம் இருக்கும்போது முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும். சாதாரண தரச் சோதனை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரை இருக்கிற மாதங்கள்தான் இதற்கு மிகவும் நல்ல காலம், மகளுக்கு அது போய்விட்டது, பின்னால் தம்பி தங்கை இருந்தால் நினைவில் வைத்திருங்கள். அரசறிவியலோ புவியியலோ எடுக்கிற பிள்ளை என்றால் படிப்பு கெடாது, சனத்தொகை, இடப்பெயர்வு, நகரமயமாதல் எல்லாம் அதே பாடம்தான், உதாரணம் மட்டும் புதிது. நான் பார்த்த பெரிய மாற்றம் எழுத்தில். ஒரு கேள்விக்கு மனப்பாடம் செய்த பந்தியை எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, ஆறு மாதத்தில் "இந்த எண் எந்த வருடத்துக்கு உரியது?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். இதை நான் எந்தச் சான்றிதழுக்கும் மாற்ற மாட்டேன்.

எட்டாத தூரத்தில் இருக்கிற ஒரு நாட்டைப் பற்றி எங்கள் பிள்ளைகள் ஏன் மெனக்கெட வேண்டும்? – ஓய்வுபெற்றவர், உவர்மலை

ஐயா, அந்த நாடு எங்களை எட்டிப் பல காலம். 1952இல் நாங்கள் இறப்பர் கொடுத்து அவர்களிடம் அரிசி வாங்கிய ஒப்பந்தம் உங்கள் தலைமுறைக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அதற்கு ஐந்நூறு வருடத்துக்கு மேல் முந்தியது காலியில் 1911இல் கண்டெடுத்த கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்து நிறுத்தியது, 1409ஆம் வருடத் திகதி இருக்கிறது, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்கரையில் வணங்கப்பட்ட தெய்வமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தத் தீவுக்கு வருமுன் இங்கே யார் யார் வாழ்கிறார்கள், எந்த மொழியில் பேசினால் விளங்கும் என்று சீனர் படித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இப்போது எங்கள் முறை.

சிங்கியாங்கில் உய்குர் முஸ்லிம்களுக்கு நடப்பதை இந்தப் பாடநெறிகள் சொல்லுமா, மறைக்குமா? யாரை நம்புவது? – இளைஞர், கிண்ணியா

கேட்க வேண்டிய கேள்வி. இதைக் கேட்க விடாத வகுப்பு எதுவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஓகஸ்ட் 31ஆம் திகதி ஓர் அறிக்கை வெளியிட்டது. அங்கே கடுமையான மனித உரிமை மீறல்கள் நடந்திருக்கின்றன, அவை மானிடத்துக்கு எதிரான குற்றங்களாகவும் இருக்கக்கூடும் என்று அது சொல்கிறது. சீன அரசாங்கம் அதை முற்றாக மறுத்து, ஆட்களை அடைத்துவைத்ததாகச் சொல்லப்படும் இடங்கள் தீவிரவாதத்தைத் தடுக்க நடத்திய தொழிற்பயிற்சி நிலையங்கள் என்றது. இரண்டையும் வாசியுங்கள். நான் வாசித்தேன், அங்கே இருந்துவிட்டு வந்தவர்களின் வாக்குமூலங்களையும் சீன அரசாங்கத்தின் ஆவணங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிற அந்த அறிக்கையைத்தான் நான் நம்புகிறேன், வகுப்பிலும் அதைச் சொன்னேன்.

ஆனால் சீன முஸ்லிம்கள் என்றால் உய்குர் மட்டுமல்ல, தம்பி. ஹுய் என்கிற மக்கள் சீன மொழியே பேசி, சீனா முழுவதும் பரந்து வாழ்கிறார்கள், சியான் நகரில் அவர்களின் பெரிய பள்ளிவாசல் பார்வைக்குச் சீனக் கோயில் போலவே இருக்கும், கூரையும் முற்றமும் அந்தக் கட்டட முறைதான். மேலே சொன்ன செங் ஹ யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு நாட்டை ஒரே நிறத்தில் பார்க்காமல் இருக்க இதெல்லாம் தெரிய வேண்டும்.

யாரை நம்புவது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2023 ஜூனில் சீனாவில் 16 முதல் 24 வயது வரையான இளைஞர்களின் வேலையின்மை 21.3 வீதம் என்று அரசாங்கமே சொன்னது. ஓகஸ்டில் அந்தக் கணக்கை வெளியிடுவதை நிறுத்தியது. 2024 ஜனவரியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவரைக் கழித்துப் புதுக் கணக்கு தந்தது, 14.9 வீதம். அரசாங்கம் தருகிற எண் என்று தூக்கிப்போட வேண்டியதும் இல்லை, அப்படியே விழுங்க வேண்டியதும் இல்லை. சனத்தொகை குறைந்ததை அதே அரசாங்கம்தான் மறைக்காமல் சொன்னது, 2022இல் பிறந்தவர்கள் 95 இலட்சத்து 60 ஆயிரம், இறந்தவர்கள் 1 கோடியே 4 இலட்சம், 1961க்குப் பிறகு முதல் தடவையாகத் தொகை சுருங்கியது. 1980 அளவில் இருந்து 2015 வரை ஒரு பிள்ளைதான் என்று கட்டுப்படுத்திய நாடு, 2016இல் இரண்டு, 2021இல் மூன்று என்று விட்டும் பிள்ளை பிறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் திரும்பவும் வீட்டு விலை, ரியூசன் காசு, வேலை நேரம் என்று மேலே சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

நகரத்தில் ஒரு நிறுவனம் நாற்பதாயிரம் ரூபா கட்டினால் சீனா பற்றி டிப்ளோமாவும் சீனாவில் படிக்கப் புலமைப்பரிசிலும் நிச்சயம் என்கிறது. கட்டலாமா? – மாணவர், திருகோணமலை

கட்டாதீர்கள். சீன அரசாங்கப் புலமைப்பரிசிலுக்கு வழி கொழும்புச் சீனத் தூதரகம், எங்கள் அமைச்சு, அந்தந்தச் சீனப் பல்கலைக்கழகம், இவை மூலம்தான். இடையில் ஒருவருடைய டிப்ளோமா அதில் கணக்கில்லை, நிச்சயம் என்று சொல்ல அவருக்கு அதிகாரமும் இல்லை.

எங்கள் ஊரில் நாங்கள் மூன்று பேர் தொடங்கப் போகிறோம். முதல் கட்டுரைக்கு ஒரு தலைப்புத் தாருங்கள். – மாணவிகள், நிலாவெளி

மிகவும் சந்தோஷம், பிள்ளைகளே. சீனாவின் பெரிய சமூகவியலாளர் ஃபெய் சியாவோதோங் (1910–2005) சீனக் கிராமத்து உறவை ஒரு படமாகச் சொன்னார். குளத்தில் கல் போட்டால் வட்டம் வட்டமாக அலை போகும் அல்லவா, ஒவ்வொரு மனிதரும் அப்படி ஓர் அலையின் நடு, உறவு கிட்ட இருந்து தூரத்துக்குப் போகப் போக மெலியும், யாருக்கு எவ்வளவு செய்வது என்பது எந்த வட்டத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்றார். மேல்நாட்டுச் சமூகத்தை அவர் கட்டுக் கட்டாகக் கட்டிவைத்த வைக்கோலுக்கு ஒப்பிட்டார், எந்தத் துரும்பு எந்தக் கட்டில் என்பது அங்கே தெளிவு.

உங்கள் முதல் வேலை, உங்கள் வீட்டின் அலையை வரைவது. கடைசியாக வீட்டில் யாருக்காவது கடும் வருத்தம் வந்தபோது அம்மா முதலில் யாருக்குப் போன் எடுத்தா, இரண்டாவது யாருக்கு, காசு யாரிடம் கேட்டா, யாரிடம் கேட்கவே மாட்டா? அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு, வட்டம் போட்டுப் பெயர்களை (உறவுமுறை மட்டும் போதும், ஆளின் பெயர் வேண்டாம்) உள்ளே எழுதுங்கள். பிறகு சிச்சுவானில் பாட்டியோடு இருக்கிற, அம்மா அப்பா குவாங்தோங்கில் இருக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதே வட்டத்தை வாசித்ததை வைத்து வரையுங்கள். இரண்டு படத்துக்கும் நடுவில் என்ன வித்தியாசம், எது ஒன்று என்று இரண்டு பக்கம் தமிழில். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாலும் சரி, மூன்றையும் நான் வாசித்து ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.